மூலையில் நிறுத்திய மாதா

எங்கள் வீட்டு மதில் ரோட்டைத் தொடாது. தென்பக்கமாக நேராக ஓடி வந்து, ரோட்டுக்கு நாலடி இருக்கும்போதே நின்றுவிடும். அந்த நாலடி மூலையில் ஒன்றும் கிடையாது. புல்கூட ஒழுங்காக முளைப்பதில்லை. புதிதாக வருகிறவர்கள், "என்ன, சிமென்ட் தீந்துபோச்சா?" என்று கேட்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பேன். ஞாயிறு பூசையில் நன்மை அப்பம் வாங்குகிற வாயால் இந்தச் சின்னப் பொய்யை எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதிவைத்தால் மனசு கொஞ்சம் ஆறும் என்று தோன்றுகிறது.

நான் எட்டாவது வரை படித்தவன். ரப்பர் பால்வெட்டுதான் தொழில். விடியுமுன்னே போய் மரம் சீவி, பாலெடுத்து, பத்து மணிக்கெல்லாம் வீடு வந்துவிடுவேன். எங்கள் வீடு ரோட்டு முகப்பில் இருக்கிறது. எங்களுக்குப் பின்னால் இன்னொரு வீடு. ஒரே தோப்பு விளையை இரண்டாகப் பிரித்து நாங்கள் இரண்டு பேரும் வாங்கினோம். பின்வீட்டுக்காரர் ரோட்டுக்கு வர, எங்கள் தென் எல்லையை ஒட்டி ஐந்தடி அகலத்தில் ஒரு நடவழி. அது அவருக்குப் பாத்தியம் என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது.

அவர் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அண்ணன் என்பேன். அவர் மனைவி எனக்கு மைனி. ரத்த உறவு ஒன்றும் இல்லை. ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள், தெரு ஜெபக் கூட்டத்தில் ஒரே பாயில் உட்காருகிறவர்கள், அவ்வளவுதான்.

நடவழிக்கும் எங்கள் முற்றத்துக்கும் இடையே முன்பு ஒரு கையாலை இருந்தது. கல் வைக்காமல், மண்ணையே வெட்டிப்போட்டு அடித்து உயர்த்துகிற எல்லைச் சுவர் அது. மழைக்குக் கரையும். அதனால் வருஷாவருஷம் இடவப்பாதி மழை தொடங்குமுன், மே மாதத்தில் ஒருநாள், இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து நிற்க வேண்டும். அவரவர் பக்கத்து அடிமண்ணை வெட்டி மேலே அப்பி, மண்வெட்டியின் முதுகால் தட்டி, உச்சியில் தென்னை ஓலை போட்டு மூட வேண்டும். அன்றைக்கு மைனி அவித்த மரச்சீனிக் கிழங்கும் பாலில்லாத கட்டன்சாயாவும் கொண்டுவருவார். வேலை பாதி, பேச்சு பாதி என்று பொழுது போகும்.

இடையில் நாலைந்து வருஷம் நான் கீரிப்பாறைப் பக்கம் வேலைக்குப் போனேன். மண் வைக்கிற நாளுக்கு வர முடியவில்லை. உண்மையைச் சொன்னால், வந்திருக்கலாம், வரவில்லை. அதுவரை மே மாத லீவில் மட்டும் வந்துபோன அண்ணன் அப்போது துபாய் வேலையை விட்டு ஊரோடு வந்திருந்தார். எங்கள் பக்கத்தையும் சேர்த்து அவர் ஒருத்தரே செய்தார்.

கையாலை நட்ட இடத்தில் நிற்கிற சாதனமில்லை. ஒரு பக்கத்து அடியை வெட்டி மறுபக்கத்தில் அப்பினால், வருஷத்துக்கு நாலு விரல், ஐந்து விரல் நகர்ந்துகொண்டே போகும். அண்ணன் தன் பக்கத்தில் வெட்டி என் பக்கத்தில் அப்பினார். வழி அகன்றது. என் முற்றம் சுருங்கியது. வேண்டுமென்று செய்தாரா, கைபோன போக்கில் செய்தாரா, எனக்குத் தெரியாது. அவரிடம் அதை நான் கேள்வியாக ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இத்தனை தூரம் வந்திருக்காது.

ஒரு பெருமழையில் கையாலை மொத்தமாகச் சரிந்தது. இனி மண் வேண்டாம், ஹாலோ பிளாக் மதிலே கட்டிவிடலாம் என்று நினைத்து, அளக்க ஆள் கூப்பிட்டேன். அளந்து பார்த்தபோது, எல்லைக் கல் நடவழிக்குள்ளே, ஒன்றரை அடி உள்வாங்கி, மண்ணுக்கடியில் கிடந்தது. தெருவில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

"அண்ணே, கல்லு எங்க கிடக்குன்னு பாத்தியளா?" என்றேன்.

"பாத்தேன் தம்பி. மண்ணு வச்சது நான்தான். ஒனக்க பக்கமும் சேத்து வச்சேன். நீ ஒருநா வந்தியா?"

"வராதவனுக்க நிலத்த வெட்டி எடுக்கலாமாக்கும்?"

"வெட்டி எனக்க வாயிலயா போட்டேன்? ஒனக்க கையாலையிலதானே போட்டேன்!"

கூடி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. "கள்ளன்" என்று சொல்லிவிட்டேன். துபாயில் இருபது வருஷம் வெயிலில் நின்று சம்பாதித்த மனுஷனை, என் வேலையையும் சேர்த்துச் செய்த மனுஷனை, அத்தனை பேர் முன்னால் அந்த வார்த்தை சொன்னேன். அவர் குனிந்து எல்லைக் கல்லின் மேலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"சரி. நீரு கல்லுலயே கெட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னை நீ என்று சொல்லவில்லை. தம்பி என்றும் சொல்லவில்லை.

கல் கிடந்த நேரிலேயே மதிலைக் கட்டினேன். அதில் குற்றமில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். அவருக்குரிய ஐந்தடியும் சுத்தமாகக் கிடைத்தது. ஆட்டோ நேராகப் போக அது போதும். சிக்கல் ரோட்டு மூலையில்தான் இருந்தது. எங்கள் ரோடு ஒடுக்கமானது. பழைய கையாலை ரோட்டுக்கு நாலடி முன்பாகவே முடிந்துவிடும். அந்தத் திறந்த மூலையில் ஏறித்தான் ஆட்டோ நடவழிக்குள் திரும்பும். பத்திரப்படி அந்த மூலை என்னுடையது. யாரும் யாரிடமும் கேட்டதில்லை, கொடுத்ததில்லை, சும்மா நடந்துவந்தது. நான் மதிலை ரோடு வரைக்கும் கொண்டுபோய் முட்டினேன். ஆட்டோ திரும்ப இடமில்லாமல் போயிற்று.

அண்ணனுக்கு அப்போது சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் நாகர்கோவிலுக்கு டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டினேன். ரோடு வரை நடந்து வந்து ஏறட்டுமே, அறுபதடி தூரம்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

தெரு ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். "மூலைய மட்டும் விட்டுக்கொடும். ஒரு சென்டில கால்வாசி வராது" என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவர்கள் மறுபடி வருமுன்னே கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

எங்கள் மகளின் பிரசவம் சிக்கலாக இருந்தபோது, தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்தால் மாதாவுக்கு ஒரு கெபி கட்டுவதாக நேர்ந்திருந்தேன். மலைக்குகை போலக் கல் அடுக்கி, அதற்குள் மாதா சுரூபம் வைப்பதுதான் கெபி. பேரப்பிள்ளை பிறந்து இரண்டு வருஷம் ஆகியும் கட்டாமல் கிடந்தது. அதை அந்த மூலையில் கட்டச் சொன்னேன்.

கொத்தனார் இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்ல இடம். இனி ஒருத்தனும் இதுல கை வைக்க மாட்டான்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னதைத்தான் நானும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நேர்ச்சை உண்மை. இடம்தான் பொய்.

மயிலாடியிலிருந்து பீடத்துக்கு ஒரு கல் எடுத்துவந்தேன். நீலத் துப்பட்டி போட்ட மாதா சுரூபம் நாகர்கோவிலில் வாங்கினேன். ஆகஸ்டில் மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்தார். தெருவே கூடியது. அண்ணனும் மைனி கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மாதாவின் காலைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்திக்கொண்டார். திரும்பும்போது என் பக்கமாக நின்று, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"மாதாவ வாட்ச்மேன் வேலைக்கு வச்சாச்சு. சம்பளம் என்ன குடுக்கீரு? மெழுகுதிரியா?"

எனக்குக் காது சுட்டது. பொறாமையில் பேசுகிறார் என்று அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். அவள் முட்டுக்குத்தி ஜெபம் தொடங்கிவிட்டாள்.

இரண்டு வாரத்தில் அண்ணனுக்கு நடை நின்றுபோயிற்று. கால் நீர் கோத்து உருளையாக வீங்கியது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலையில் ஆட்டோ எங்கள் கெபி முன்னால் வந்து ரோட்டில் நிற்கும். ஆட்டோக்காரரும் மைனியும் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடவழியில் வருவார்கள். மைனிக்கு அறுபது தாண்டிவிட்டது. பத்தடிக்கு ஒருதடவை நாற்காலியைக் கீழே வைத்து மூச்சு வாங்குவார். மதிலுக்கு இந்தப் பக்கம் முற்றத்தில் இருக்கிற எனக்கு, நாற்காலியின் கால் தரையில் தட்டுகிற சத்தம் கேட்கும். எத்தனை தடவை தட்டினால் ரோடு வரும் என்பதுகூட எனக்குப் பழகிவிட்டது.

ஒரு வியாழக்கிழமை பால்வெட்டு முடிந்து வரும்போது பார்த்தேன். நாற்காலியின் மூன்றாவது பக்கத்தை என் மனைவி பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன்.

"எத்தன நாளா நடக்கு இது?"

"மழ தொடங்கினதுலேருந்து."

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லாண்டாமா?"

"நீங்க மதிலு கெட்டும்போ எனக்கிட்ட சொன்னியளா?" என்றாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, "ஒங்க மதில நான் ஒண்ணும் இடிக்கல்ல. சேரத்தான் பிடிச்சேன்" என்றாள்.

அக்டோபர் வந்தது. செபமாலை மாதம். எங்கள் தெருவில் வழக்கமாக ஒவ்வொரு வீடாகக் கூடுவோம். அந்த வருஷம் புதுக் கெபி இருக்கிறதே, எல்லா நாளும் அங்கேயே கூடுவோம் என்று முடிவாயிற்று. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மாலை ஆறு மணிக்கு ரோட்டில் பாய் விரித்து முப்பது பேர் உட்காருவார்கள். நான் முன்னால் முட்டுக்குத்தி நின்று செபமாலை சொல்லிக்கொடுப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. நாகர்கோவிலில் தாமதமாகி, அண்ணனின் ஆட்டோ நாங்கள் செபமாலையின் மூன்றாவது பத்து மணிகளைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வந்து நின்றது. பாய்களுக்கு அப்பால்தான் நிறுத்த முடிந்தது. ஆட்டோக்காரர் நாற்காலியை எடுத்து வைத்தார். என் மனைவி கூட்டத்திலிருந்து எழுந்து போனாள். மூன்று பேருமாகத் தூக்கினார்கள்.

"வழி விடுங்க மக்கா, கொஞ்சம் வழி விடுங்க" என்று ஆட்டோக்காரர் சொன்னார். உட்கார்ந்திருந்தவர்கள் ஜெபத்தை நிறுத்தாமலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுங்கினார்கள். இவ்வளவு பேருக்கும் ஒதுங்கத் தெரிந்தது.

கெபிக்கு நேரே வந்தபோது, நடவழிக்குள் திருப்ப இடம் போதாமல் நாற்காலியின் கால் பீடத்துக் கல்லில் இடித்தது. அண்ணன் ஒரு பக்கமாகச் சரிந்தார். மைனி வயிற்றால் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். அண்ணன் கையில் ஊசி குத்திய இடத்துப் பஞ்சில் ரத்தம் பூத்தது. அந்தக் கையாலேயே அவர் தலையில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்து, மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டார். என்னைப் பார்க்கவில்லை.

நான் கையில் பிடித்திருந்த மணி எத்தனாவது என்று தெரியவில்லை. ஏழா, எட்டா, பத்தும் முடிந்ததா? வாய் ஓடவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் குரல் எடுத்துச் சொல்லி முடித்தது. என் தொண்டை கட்டிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கப்புறம் என்னால் அந்தக் கெபி முன்னால் ஜெபிக்க முடியவில்லை. முட்டுக்குத்துவேன். மாதா முகத்தைப் பார்த்தால் அவளுக்குப் பின்னால் என் மதில்தான் தெரியும். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபம், பொய், அசட்டை என்று வழக்கமானதெல்லாம் சொன்னேன். இதைச் சொல்ல வாய் வரவில்லை. இதற்கு எந்தக் கட்டளையில் இடம் என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை மைனி மெழுகுதிரி கொளுத்த வந்தார். அவர் எல்லாச் சனிக்கிழமையும் வருவார். நான் மதிலோரம் நின்றிருந்தேன்.

"மைனி, இத எடுத்திரலாம்னு நினைக்கேன்" என்றேன்.

அவர் பதறிவிட்டார். "எஞ்சேசுவே, அப்பிடிச் சொல்லாதிய தம்பி. எங்களுக்காண்டி மாதாவ எடுக்காண்டாம். எடுத்தா ஊரு ஒங்களச் சொல்லாது, எங்களத்தான் சொல்லும். மாதாவ வெரட்டினவன் நல்லா இருப்பானான்னு கேக்கும். அவரு இருக்கப்பட்ட இருப்புல அதையும் கேக்கணுமா? நாங்க எப்பிடியும் தூக்கிக்கிடுவோம்."

எனக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. வழியை மட்டும் நான் அடைக்கவில்லை. வழி வேண்டும் என்று கேட்கிற வாயையும் சேர்த்து அடைத்திருக்கிறேன். மதில் என்றால் அண்ணன் சண்டை போட்டிருப்பார். வழக்குக்குப் போயிருப்பார். மாதாவோடு அவர் எப்படிச் சண்டை போடுவார்?

மறுநாள் முதல் பூசைக்குப் போய்வந்தேன். வந்து கொத்தனாரைப் போனில் கூப்பிட்டேன். "கெட்டச் சொல்லும், வாறேன். இடிக்க எனக்குக் கை வராது" என்று வைத்துவிட்டார். சரி, கட்டியது என் எண்ணம்தானே, இடிப்பதும் நானே என்று கடப்பாரையை எடுத்தேன். முதலில் மாதா சுரூபத்தைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டுபோய் வீட்டுக்குள் ஸ்டாண்டில் வைத்தேன். மனைவி விளக்கேற்றினாள். அடுக்களையில் போய் அழுதிருப்பாள் போல, மூக்கு சிவந்திருந்தது.

பட்டப்பகலில், பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போகிற நேரத்தில், மாதா கெபியை இடித்தேன். ரோட்டில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். ஒருத்தர் பைக்கை நிறுத்தி, நிஜமாகவே கவலையோடு கேட்டார்.

"என்னவே, மாதாவ கும்பிடாத பெந்தகோஸ்தேயில சேந்துட்டீரா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு மாதாவ எடுத்தீரு?"

"மாதா வீட்டுக்குள்ள வந்தாச்சு" என்றேன். அவருக்கு அது போதவில்லை. மத்தியானத்துக்குள் நான் மதம் மாறிவிட்டேன் என்று கோயில் வாசல் வரை பேச்சுப் போய், சாமியார் போன் செய்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் வராத வார்த்தை, கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கும்போது வந்தது. கேட்டு முடித்த அவர், "சரி, கல்லு காலுல விழாம பாத்து இடியும்" என்றார்.

பீடத்துக் கல்லைப் புரட்டும்போது அண்ணன் வீட்டு ஜன்னல் திறந்தது; நடவழியில் இறங்கிப் போனேன். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரு சொல்லி எடுக்கீரு?"

"யாரும் சொல்லல்ல அண்ணே."

"இவ சொன்னாளா?"

"மைனி எடுக்காண்டாம்னுதான் சொன்னாவ."

அவர் இருமினார். "மாதா எங்க?"

"வீட்டுல."

"வெளக்கு உண்டா?"

"உண்டு."

"அந்த மூலைய மட்டும் எடு. மதில இடிச்சிராத. நல்ல மதிலு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கல்லுக்க நேரா கெட்டியிருக்க" என்றும் சொன்னார். அவர் மறுபடி என்னை நீ என்றது அப்போதுதான்.

அவரிடம் அந்தப் பழைய வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கிட்டே போனேன். அதற்குள் மைனி கஞ்சி கொண்டுவந்துவிட்டார். அண்ணன் வாயைத் திறந்து கொடுத்தார். கஞ்சி குடிக்கிற மனுஷனிடம் அதை எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன்.

கெபியோடு, ரோடு வரை நீண்ட நாலடி மதிலையும் அன்றைக்கே எடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் ஆட்டோ மூலையில் ஏறித் திரும்பி, நடவழியில் போய், அவர் வீட்டு நடைக்கே நின்றது. நாற்காலி தட்டுகிற சத்தம் இல்லாத அந்தக் காலையில் முற்றத்தில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சும்மா நின்றேன்.

அப்படி ஆட்டோ வந்துபோனது ஏழெட்டு வாரம்தான். கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் முடியுமுன்னே அண்ணன் இறந்துபோனார். நாளைக்கு, நாளைக்கு என்று வைத்திருந்த அந்த மன்னிப்பை நான் கேட்கவில்லை. சவப்பெட்டியைத் தூக்கினவர்களில் நானும் ஒருவன். நடவழியிலிருந்து ரோட்டுக்குத் திருப்பும்போது முன்னால் பிடித்தவர்கள் மூலையில் இறங்கி நடந்தார்கள். எங்கும் இடிக்கவில்லை. தோளில் அவர் பாரம் இருக்கும்போது அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று மனசுக்குள் சொன்னேன். அது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

இப்போது மே மாதம் வந்தால் நான் மதிலின் இரண்டு பக்கமும் பாசியைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்கிறேன். மைனி பக்கத்துக்குப் போகும்போது அவரிடம் சொல்லிவிட்டுத்தான் நடவழிக்குள் இறங்குவேன். இந்த வருஷம் வேலை முடிந்து கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தபோது அவர் மூலையைப் பார்த்துச் சொன்னார்.

"இனி இஞ்ச ஆட்டோ எதுக்கு வருது தம்பி? மாதாவ பழையபடி கொண்டு வச்சிருங்க. நேர்ச்சையில்லியா."

"கேஸ் வண்டி வரணும்லா மைனி" என்றேன்.

கேஸ்காரன் சிலிண்டரைத் தோளில்தான் தூக்கிக்கொண்டு வருகிறான். அது அவருக்கும் தெரியும். டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

சனிக்கிழமைகளில் அவர் எங்கள் வீட்டுக்குள் வந்து மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறார். நேர்ச்சைக் கடன் இன்னும் என் தலையில்தான் இருக்கிறது. வேறு இடத்தில் கட்டலாம், வடக்குப் பக்கம் இடம் உண்டு. கட்டுவேன். அந்த மூலை மட்டும் அப்படியே கிடக்கட்டும்.